வீட்டில இருந்துகொண்டு ஒன்லைன்ல எழுதி உழைக்கலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

கொக்குவில்_தும்பி

எல்லாருக்கும் வணக்கம். கம்பஸ் முடிச்சிட்டு கவுண்மென்ற் வேலை வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டு இப்ப ஓ எல் பிள்ளையளுக்கு ரியூசன் எடுக்கிறன், தமிழும் இங்கிலீசும். கொழும்புக்குப் போனா ஏதும் எடுக்கலாம் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம், ஆனா அம்மாவை டயலிசிசுக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறது நான்தான், தம்பி வெளியில, வேற ஆள் இல்லை. அதால எங்க இருந்தாலும், ஆஸ்பத்திரி வாங்கில இருந்தாலும் செய்யக்கூடிய வேலையா ஒண்டு வேணும்.

எனக்கு எழுத்து வரும். பேப்பருகளின்ர வாரமலரில கதை கட்டுரை எண்டு கொஞ்சம் வந்திருக்கு, ஆனா பேர் வந்ததோட சரி, காசு எண்டு ஒண்டும் கண்டதில்லை. இப்ப கனடா மச்சாள் போன் எடுக்கிற நேரமெல்லாம் "உனக்குத்தான் எழுத வருமே, ஒன்லைன்ல செய்யன், டொலர்ல வரும்" எண்டு ஒரே நச்சரிப்பு. பேஸ்புக்கில ஒருத்தர் 15,000 ரூபா கட்டினா மூண்டு நாளில பழக்கி மாசம் ரெண்டு லட்சம் உழைக்கப் பண்ணுவன் எண்டு போட்டிருக்கிறார். உது உண்மையோ? தமிழில எழுதினாக் காணுமோ? காசு எப்பிடி எங்கட கைக்கு வாறது? செய்யிற ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ, ஒளிக்காமச் சொல்லுங்கோ.

ஆனைக்கோட்டையான்

தங்கச்சி, முதல் அந்த 15,000 ஐ பேர்சுக்குள்ளயே வையும். மாசம் ரெண்டு லட்சம் வாற வழி தெரிஞ்சவன் ஏன் உம்மட்ட 15,000 கேக்கிறான்? அந்த வகுப்பில சொல்லுறதெல்லாம் எக்கவுண்ட் திறக்கிறது, படம் போடுறது, அவ்வளவுதான், யூரியூப்பில சும்மா கிடக்கு.

அடுத்தது ரெலிகிராமில வரும், வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு ஸ்ரார் குடு, 300 ரூபா தாறன் எண்டு. முதல் ரெண்டு மூண்டு தரம் உண்மையாவே போடுவாங்கள், பேந்து "பெரிய ராஸ்க் இருக்கு, 20,000 கட்டினா 28,000 வரும்" எண்டுவாங்கள், அதோட ஆள் காணாமப் போயிடும். எங்கட ஒழுங்கையிலயே ஒரு வீட்டில நகை அடகுக்குப் போனது உதாலதான். ஆளைச் சேத்தா கொமிசன் எண்டு ஆரும் வந்தா, அது பிரமிட். சட்டப்படி குற்றம், மத்திய வங்கி தடை செய்த கொம்பனியளின்ர பேரை லிஸ்ற்றாவே போட்டிருக்கு, எடுத்துப் பாரும்.

வேலைக்கு எடுக்கிறவன் காசு தரவேணும், கேக்கக்கூடாது. எழுத்து விசயம் எனக்குத் தெரியாது, அதைத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுவினம்.

வல்லைவெளி

நான் செய்யிறன் தங்கச்சி, மொழிபெயர்ப்பும் சப்ரைற்றிலும் (வீடியோவுக்குக் கீழ ஓடுற எழுத்து), வீட்டில இருந்துதான். கொஞ்சம் நீட்டா எழுதுறன், குறை நினைக்காதேங்கோ.

"எழுத வரும்" எண்டதை மட்டும் வச்சுக்கொண்டு இப்ப இறங்கிறது கஷ்டம். முந்தி ஃபைவர், அப்வேர்க் எண்ட வேலை எடுக்கிற வெப்சைற்றுகளில இங்கிலீசில பிளொக் கட்டுரை எழுதியே எங்கட பெடியள் நல்லா உழைச்சவை, நாய் வளர்ப்பு, உடம்பு மெலியிறது, கடன் காட் எண்டு என்னத்தைக் குடுத்தாலும் எழுதுவினம். 2022 நவம்பரில தானா எழுதித் தாற சற்ஜிபிரி எண்ட மெசின் வந்தாப் பிறகு அந்த மலிவு வேலை கரைஞ்சு போச்சு. கிளையன்ற்மாருக்கு அதுக்கு ஆளே தேவையில்லை, தேவைப்பட்டாலும் மெசின் எழுதினதைத் திருத்தித் தா எண்டு அரைவிலைக்குக் கேப்பினம்.

ஆனா உங்களிட்ட ரெண்டு மொழி இருக்கு, ரியூசன் எடுக்கிறபடியா இலக்கணமும் சுத்தமா இருக்கும், விலை போறது அதுதான். லண்டனிலயும் ரொறன்ரோவிலயும் எங்கட சனத்துக்காக ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கவுன்சில் எல்லாம் நோட்டீஸ் தமிழில அடிக்கினம். அதை மெசினில போட்டு எடுத்திட்டு, பிழை பாக்க எங்கட தமிழ் தெரிஞ்ச ஆளைத் தேடுகினம். பேந்து வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் யூரியூப் சனல் நடத்துகினம், அவையின்ர பிள்ளையளுக்குத் தமிழ் விளங்காது, அதால இங்கிலீஸ் சப்ரைற்றில் கேக்கினம். ஒருக்கா வடிவாச் செய்து குடுத்தா அந்தச் சனல்காரர் இன்னொருத்தருக்குச் சொல்லுவினம். எனக்கு முக்காவாசி வேலை உப்பிடி வாய்வழியா வந்ததுதான், ஃபைவரால வந்தது கொஞ்சம்.

சப்ரைற்றிலை லேசெண்டு நினையாதேங்கோ. ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள்ள, ரெண்டு வரிக்கு மேல போடக்கூடாது, ஆள் வாய் திறக்கேக்க வரவேணும், அடுத்த காட்சிக்கு இழுபடக்கூடாது. எங்கட ஆக்கள் ஒரு மூச்சில கதைக்கிறதை வெட்டிச் சுருக்கிறதுக்குள்ள சீவன் போயிடும். பத்து நிமிச வீடியோவுக்கு அரைநாள் பிடிக்கும், பழகப் பழகக் குறையும். சப்ரைற்றில் எடிற் எண்ட சொப்ற்வெயர் சும்மா இறக்கலாம், அதிலயே பழகுங்கோ.

காசுக் கணக்கையும் சொல்லுறன், ஏனெண்டா உதை ஒருத்தரும் சொல்லுகினமில்லை. ஃபைவரில 50 டொலருக்கு ஒரு வேலை எடுத்தா அவை 20 வீதம் எடுப்பினம், 40 நிக்கும். வேலை முடிஞ்சும் 14 நாளைக்கு அந்தக் காசைத் தொட ஏலாது. பேந்து பேயோனியர் எண்ட ஒன்லைன் காசுக் கணக்குக்கு மாத்த ஒரு கழிவு, பேங்குக்கு எடுக்க இன்னொரு கழிவு. அப்வேர்க் எண்டா விண்ணப்பிக்கவே கனெக்ட் எண்டு காசு குடுத்து வாங்கவேணும், ஒண்டு 15 அமெரிக்கச் சதம், நல்ல வேலையெண்டா பத்துப் பதினைஞ்சு கனெக்ட் போகும், கிடைக்காட்டி அது போனதுதான். எல்லாத்துக்கும் கண்டபடி போடாம, உங்களுக்கெண்டு பொருந்திற வேலைக்கு மட்டும் போடுங்கோ.

போடேக்க "டியர் சேர், ஐ ஆம் ஹாட்வேர்க்கிங்" எண்டு தொடங்கினா திறந்தும் பாக்க மாட்டினம். அவை போட்டிருக்கிற பைலை எடுத்து, முதல் நாலு வரியைச் செய்து காட்டி, "உங்கட மூலத்தில மூண்டாம் பந்தியில மருந்தின்ர அளவு ரெண்டு விதமா இருக்கு, எது சரி?" எண்டு கேளுங்கோ. வாசிச்சிருக்கிறா எண்டு அவைக்கு உடன விளங்கும், மறுமொழி வரும்.

பனங்காய்ப்_பணியாரம்

வல்லைவெளி அக்கா சொல்லுறது சரிதான், ஆனா தமிழில எழுதுறதை அடியோட தள்ளிவிட்ட மாதிரிக் கிடக்கு. வெப்சைற்றில விளம்பரம் போட்டுக் காசு தாற கூகிள் அட்சென்ஸ் 2018 இலயே தமிழுக்கு வந்திட்டுது, அமேசனின்ர ஒன்லைன் புத்தகக் கடை கிண்டில்ல 2016 இல இருந்து தமிழ்ப் புத்தகம் போடலாம். நான் சமையலும் தோட்டமும் பற்றி வெப்சைற் ஒண்டு நடத்திறன். பிஞ்சு மிளகாய்க்கு இலை சுருளுறது, செம்மண்ணில மரவள்ளி வைக்கிறது, ஒடியல் கூழுக்கு என்னென்ன போடுறது உப்பிடியான விசயங்கள், வெளிநாட்டில இருக்கிற ஆக்களும் தேடி வாசிக்கினம், கனடாவில இருந்து ஒராள் வந்து பாத்தா இஞ்ச பாக்கிறதை விட விளம்பரக் காசு கூட.

மெய்யாச் சொன்னா பெரிய காசில்லை, போன் பில்லும் இன்ரர்நெற் பில்லும் கட்டுறன், மிச்சம் கொஞ்சம் நிக்கும். 10 டொலர் சேந்தா கூகிள் வீட்டு விலாசத்துக்கு பின் நம்பர் போட்டுக் கடிதம் அனுப்பும், அதைப் போட்டாத்தான் எக்கவுண்ட் சரியாகும். விலாசத்தை தபால்காரருக்கு விளங்கிறமாதிரி குடுங்கோ, ஒழுங்கைப் பேர் இல்லாட்டி கடிதம் சுத்திக்கொண்டே திரியும். 100 டொலர் சேரும்வரைக்கும் காசு வெளியில வராது.

தங்கச்சிக்கு இப்பவே காசு தேவையெண்டா இது சரிவராது. ஆனா எழுதிறதில ஆசை இருந்தா பக்கத்தில வச்சுக்கொண்டு செய்யலாம், அது உங்கட பேரில நிக்கும்.

வல்லைவெளி

தள்ளேல்லை அண்ணை, அவாக்கு மருந்துச் செலவு கிடக்கு எண்டபடியாச் சொன்னன். ஒடியல் கூழைக் கூகிள் பாக்கட்டும், மாசக் கடைசியில காசு வேணுமே.

கணக்கர்

காசு வாற வழி கேட்டிருக்கிறியள், அதை மட்டும் சொல்லுறன், எனக்கு அந்தத் துறைதான்.

பேபால் எண்ட ஒன்லைன் காசுச் சேவையை நம்பி வேலை எடுக்காதேங்கோ. கன வருசமா இலங்கை எக்கவுண்டால பேபாலில சாமான் வாங்கலாம், ஆனா காசு வாங்க ஏலாது எண்டதுதான் நிலைமை. "இந்தியாவில ஆளின்ர பேரில திறந்து தாறன், லண்டனில மாமாவின்ர பேரில திறவுங்கோ" எண்டு ஆக்கள் வருவினம். பேர் ஒண்டு, ஆள் ஒண்டு எண்டு அவை கண்டால் உள்ளுக்கு இருக்கிற காசோட சேத்து எக்கவுண்டை முடக்கிப் போடுவினம். பேயோனியர் இஞ்ச வேலை செய்யுது, உங்கட அடையாள அட்டையோட உங்கட பேரிலயே திறக்கலாம், பேங்குப் புத்தகத்தில இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து அதுவா இருக்கவேணும், தகப்பன் பேர் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டதில கன பேர் மாட்டுப்படுகினம். வருசத்தில குறைவா வந்தா 29.95 டொலர் கட்டணம் ஒண்டு கழிப்பினம், அதையும் யோசிச்சு வையுங்கோ. தெரிஞ்ச ஆள் நேரடியா அனுப்பிறதெண்டா வைஸ் எண்ட காசு அனுப்பிற சேவை மூலம் உங்கட பேங்குக்கு ரூபாவா வந்து விழும்.

இனி வரி. முந்தி வெளிநாட்டுக்குச் செய்யிற சேவைக்கு டொலர்ல வந்தா வரி இல்லை, 2025 ஏப்ரல் 1 இல இருந்து அது மாறிட்டுது. வருசத்துக்கு 18 லட்சம் மட்டும் ஒண்டும் இல்லை, அதுக்கு மேல முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், மிச்சத்துக்கு 15 வீதம், அதுக்கு மேல போகாது. ஆனா காசு பேங்கால வந்திருக்கவேணும், பேங்கில்லாம ஆள்மூலம் காசு மாத்திற உண்டியலால எடுத்தா இந்தச் சலுகை இல்லை. ரியூசன் காசுக்குத் தனிக் கணக்கு. ரின் நம்பரை (வரி கட்டுற ஆளுக்குக் குடுக்கிற நம்பர்) இப்பவே எடுத்து வையுங்கோ, ஒன்லைன்லயே எடுக்கலாம். வாற ஒவ்வொரு காசுக்கும் இன்வொய்சை ஒரு போல்டருக்குள்ள போட்டு வச்சா நவம்பரில தலையைப் பிய்க்கத் தேவையில்லை.

கொக்குவில்_தும்பி

எல்லாருக்கும் பெரிய நன்றி, அந்த 15,000 ஐக் கட்டேல்லை. மச்சாளுக்கு இதை அப்பிடியே அனுப்பிவிட்டன், அவா "நான் சொன்னதுதானே" எண்டு பெருமை அடிக்கிறா.

இன்னும் ரெண்டு கேள்வி. என்னட்ட இருக்கிறது தம்பி விட்டிட்டுப் போன பழைய லப்டொப், பற்றரி பத்து நிமிசம் நிக்காது, மாரிக்கு எங்கட பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். பேந்து கனடா ஆக்கள் எண்டா ராவெல்லாம் முழிச்சிருக்க வேணுமோ? ஆஸ்பத்திரி நாளுக்கு விடிய நாலு மணிக்கு எழும்பவேணும்.

ஆனைக்கோட்டையான்

ரூட்டருக்கு எண்டு சின்ன யூபிஎஸ் இருக்குத் தங்கச்சி, 12 வோல்ற், உள்ளங்கை அளவு, ரவுனில எலெக்ரோனிக்ஸ் கடையளில கிடைக்கும். கரண்ட் போனாலும் ஃபைபர் லைன் அனேகமா வேலை செய்யும், ரூட்டர்தான் நிண்டுபோறது. 2022 இல பதிமூண்டு மணித்தியாலம் வெட்டின நேரம் எங்கட மூத்தவன் உதோடதான் ஒன்லைன் வகுப்புப் பாத்தவன். லப்டொப்புக்கு பற்றரி மாத்தலாம், ஆனா விலையைக் கேட்டிட்டு மாத்தும், சிலவேளை பழசொண்டு வாங்கிறது லாபம்.

வல்லைவெளி

ரா முழிக்கத் தேவையில்லை. அங்க காலமை ஒன்பது எண்டா மாரியில எங்களுக்குப் பின்னேரம் ஏழரை, அவையின்ர கோடையில ஆறரை. மெசேஜ் பாத்து மறுமொழி போட அந்த ஒரு மணித்தியாலம் காணும், வேலையை நீங்கள் பகலில செய்யலாம். லண்டன் இன்னும் லேசு, எங்கட மத்தியானத்துக்குப் பிறகுதான் அவை ஒபிசுக்கு வருவினம். கெடு கேக்கேக்க மட்டும் ஆஸ்பத்திரி நாளைக் கழிச்சுப்போட்டு நாள் சொல்லுங்கோ, பிந்திக் குடுத்து மன்னிப்புக் கேக்கிறதை விட முதலே ஒரு நாள் கூடக் கேக்கிறது நல்லம், ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். நேர அழைப்பில நிண்டு வாயால மொழிபெயர்க்கிற இன்ரர்பிரெற்றர் வேலையை இப்போதைக்கு எடுக்காதேங்கோ, காசு நல்லம்தான், ஆனா வாட்டுக்குள்ள இருந்து செய்ய ஏலாது.

ரியூசனை விடாதேங்கோ, இது ஒரு நிலைக்கு வரும்வரைக்கும் அதுதான் அரிசி. உங்கட வாரமலர் கட்டுரை ஒண்டை இங்கிலீசுக்கு மாத்தி, மூலத்தையும் சேத்து எனக்கு மெசேஜில அனுப்புங்கோ, பாத்துத் திருத்தி விடுறன். அதையே சாம்பிளா புரோபைலில போடலாம். அடுத்த மாசம் பள்ளிக்கூட நோட்டீசுகள் கொஞ்சம் எனக்கு வருது, சரியா இருந்தா ரெண்டு பேரும் பங்கு போடுவம்.

கொக்குவில்_தும்பி

அக்கா, நாளைக்கு ஆஸ்பத்திரி நாள், அங்க வச்சே மாத்திப்போட்டு பின்னேரம் அனுப்புறன். கதையோ கட்டுரையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.

வல்லைவெளி

கட்டுரை. கதைக்கு ஒருத்தரும் காசு தர மாட்டினம் 😄