இங்கிலாந்தில் கார் இடித்துவிட்டால்: புதிதாகப் போகும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

லீவுக்கு சேலம் வந்திருக்கிறேன். போன ஞாயிறு அக்கா மகன் கார் ஓட்ட, ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே ஏறிவந்த வேனை உரசிவிட்டான். மலைப் பாதையில் இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். வேன் கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. தடவிப் பார்த்த விரலில் பெயிண்ட் துகள் ஒட்டியது. இவன் இறங்கியதுமே, "தப்பு என்னுதுதாங்கண்ணா, எவ்வளவு ஆகும் சொல்லுங்க" என்றான். பின்னால் நின்றவர்கள் கூடிப் பேசி 1,500 ரூபாயில் முடித்து வைத்தார்கள். பத்தே நிமிடம்.

அவன் அடுத்த மாதம் மான்செஸ்டர் போகிறான். அடிவாரம் வரும்வரை அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் வண்டியை நிறுத்துங்கள். சேதம் சின்னதாக இருந்தாலும் நிற்காமல் போவது அங்கே குற்றம். ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு, யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அடிபட்டிருந்தாலோ பாதை அடைபட்டிருந்தாலோ, அங்கத்திய அவசர எண்ணான 999க்குப் போன் செய்யுங்கள். மோட்டார்வே, அதாவது அதிவேக நெடுஞ்சாலை என்றால் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

"அப்போ ஸாரி கூடச் சொல்லக் கூடாதா மாமா?" என்று கேட்டான். சொல்லலாம். வெறும் மன்னிப்பு மட்டுமே தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று 2006இல் அங்கே சட்டமே வந்திருக்கிறது. ஆனால் "தப்பு என்னுது, செலவை நான் தருகிறேன்" என்பது வேறு. இன்சூரன்ஸ் பாலிசிகளில் பெரும்பாலும், எங்களைக் கேட்காமல் பொறுப்பேற்கக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். யார் மேல் தப்பு என்பதை இரண்டு கம்பெனிகளும் பேசித் தீர்க்கட்டும். நீங்கள் கொடுக்க வேண்டியது பெயர், முகவரி, வண்டி எண், இன்சூரன்ஸ் விவரம். அவர்களிடமும் அதையே வாங்குங்கள். வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பே, ஆபத்தில்லை என்றால், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பார்த்தவர் யாராவது நின்றால் அவருடைய போன் நம்பரையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சொல்லும் நம்மை மாட்டிவிடும்: "பரவாயில்லைங்க." நான் போன புதிதில் சிக்னலில் நின்றபோது பின்னால் ஒரு கார் வந்து இடித்தது. ஓட்டியவர் வயதானவர், கை நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வண்டி எண்ணைக்கூடக் குறித்து வைக்கவில்லை. மறுநாள் காலை பல் தேய்க்கும்போது கழுத்து வலப்பக்கம் திரும்பவில்லை. மூன்று வாரம் அப்படியே இருந்தது. கழுத்து வலி சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் அந்த இடத்தில் "ஒன்றுமில்லை" என்று உறுதியாகச் சொல்லாதீர்கள். வலி வந்தால், அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு அங்கே உள்ள எண்ணான 111க்குப் போன் செய்து கேளுங்கள்.

விவரம் கொடுக்க முடியாமல் போனால், உதாரணமாக நின்றிருந்த காரை இடித்துவிட்டு அதன் சொந்தக்காரர் கண்ணில் படவில்லை என்றால், முடிந்த சீக்கிரம், கட்டாயம் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியாக வேண்டும். யாருக்காவது அடிபட்டு, அங்கேயே இன்சூரன்ஸ் சான்றிதழைக் காட்ட முடியவில்லை என்றாலும் இதே கெடுதான்.

பணம் கேட்கப் போவதில்லை என்றாலும் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். எதிராளி "கையில கொடுத்துடு, முடிச்சுக்கலாம்" என்று இழுத்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். அப்புறம் சில நாளில் முன்பின் தெரியாத ஆட்கள் போன் செய்து, விபத்துக்கு நஷ்ட ஈடு வாங்கித் தருகிறோம் என்பார்கள். ஒரு விவரமும் கொடுக்காமல் போனை வையுங்கள்.

நம் ஊர் லைசென்ஸ் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அது முடிவதற்குள் அங்கத்திய டெஸ்ட்டை எழுதி, ஓட்டிக் காட்டி பாஸ் பண்ணிவிடுங்கள். செல்லாத லைசென்ஸோடு போய் இடித்துவிட்டால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடக்கூடும்.