புது டேப்லெட், 6-வது நாள்: ஸ்கிரீன்ல ஒரு பட்டை மட்டும் டச் எடுக்கல. கடைல திருப்பிக் கொடுக்கணும், எங்க ஆரம்பிக்கிறது?

வைகைக்கரை

மதுரையில ஒரு பெரிய ஷோரூம்ல 11 இஞ்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட் எடுத்து இன்னையோட 6 நாள். வைஃபை மாடல், சிம் கிடையாது. விலை 24,999. பழைய போன் ஒண்ணு எக்ஸ்சேஞ்சுல போச்சு, மீதிக்கு 9 மாச இ.எம்.ஐ.

பிரச்சினை ரெண்டு. ஸ்கிரீனோட வலது பக்கம் மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டைல டச் எடுக்கவே மாட்டேங்குது. கீபோர்டுல சில எழுத்து விழாது, கோடு போட்டா அந்த இடத்துல அறுந்துடுது. அடுத்தது, சார்ஜ் போட்டிருக்கும்போது யாரும் தொடாமலே ஆப் திறக்குது, பக்கம் தானா ஓடுது.

கடைல கேட்டா "7 நாளைக்குள்ள ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான், அதுக்கும் சர்வீஸ் சென்டர் லெட்டர் வேணும், பணம் திரும்ப வராது"ங்கிறாங்க. பில்லுக்குப் பின்னாடி "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"ன்னு அச்சடிச்சிருக்கு. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டா "ரீசெட் பண்ணிப் பாருங்க, சரியாகலன்னா கொண்டாங்க, ரிப்பேர் பண்ணித் தர்றோம்"னு பதில். இப்ப ரீசெட் பண்ணிடவா?

கம்பியும் சில்லும்

ரீசெட்ல கை வைக்காதீங்க. நீங்க சொல்ற ரெண்டும் ஒரே கோளாறு இல்லன்னு தோணுது. முதல்ல அதைப் பிரிச்சுப் பார்த்துடுவோம்.

செட்டிங்ஸ்ல அபவுட் டேப்லெட் போய் பில்ட் நம்பர் மேல 7 தடவை தட்டுங்க (சில மாடல்ல அது சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனுக்குள்ள இருக்கும்). டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்துக்கும். அதுல பாயிண்டர் லொகேஷனை ஆன் பண்ணுங்க. மேல ஒரு பட்டைல எக்ஸ், ஒய் எண்கள் ஓடும், விரல் போற பாதை கோடா விழும். இப்ப ஒரு மூலைல இருந்து எதிர் மூலைக்கு விரலை எடுக்காம மெதுவா இழுங்க. எந்த எண்ல அறுந்து எந்த எண்ல திரும்ப ஆரம்பிக்குதுன்னு குறிச்சுக்கோங்க.

அடுத்து, பட்டை இருக்கிற இடத்துல ஃப்ரேம் மேல சின்னதா செல்லோ டேப் ஒட்டி அடையாளம் வச்சுட்டு டேப்லெட்டைப் படுக்கைவசமாத் திருப்புங்க. கோடு அறுபடுற இடம் டேப்புக்கு நேராவே நின்னா அது கண்ணாடிக்கு அடியில உள்ள டச் கட்டத்தோட கோளாறு. படம் திரும்பும்போது அதுவும் கூடவே திரும்பி வேற இடத்துக்குப் போனா ஏதோ ஒரு ஆப் மேல கண்ணுக்குத் தெரியாத ஜன்னலைப் பரப்பி வச்சிருக்கு. அப்படின்னா சேஃப் மோடுல (நீங்களா ஏத்தின ஆப் எதுவும் ஓடாத நிலை) போட்டா சரியாயிடும்.

தானா ஆப் திறக்குற விஷயத்துக்கு ஒரு கேள்வி: என்ன சார்ஜர் போடுறீங்க? சார்ஜரைக் கழட்டிட்டு பவர் பேங்க்ல போட்டுப் பாருங்க.

வைகைக்கரை

பார்த்தேன் அண்ணே. எக்ஸ் 780-லிருந்து 880 வரைக்கும் செத்துக் கிடக்கு, அளந்தா 1.2 செ.மீ. வருது. மேல ஆரம்பிச்சாலும் கீழ ஆரம்பிச்சாலும் அதே எண். திருப்பினாலும் டேப்புக்கு நேராத்தான் நிக்குது. சேஃப் மோடுலயும் அப்படியே.

பெட்டில கேபிள் மட்டும்தான் வந்துச்சு, வீட்டுல கிடந்த பழைய போன் சார்ஜரைப் போட்டிருந்தேன். பவர் பேங்க்ல போட்டா தானா திறக்குறது சுத்தமா நின்னுடுச்சு.

கம்பியும் சில்லும்

நினைச்சது சரிதான். டச் பேனல்ல குறுக்கும் நெடுக்குமா கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் ஓடும். உங்களுக்கு நெடுக்குக் கோடு ஒண்ணு ரெண்டு, ஓரத்துல ரிப்பன் கேபிளோட சேருற இடத்துல விட்டுப்போயிருக்கணும். அதான் இவ்வளவு நேரான பட்டை. விரல் பட்டு அழுக்கானாலோ கண்ணாடி சரியா ஒட்டாட்டியோ திட்டுத் திட்டாத்தான் டச் போகும், ஸ்கேல் வச்ச மாதிரி போகாது. ரீசெட், அப்டேட் எதுவும் இதைத் தொடாது. தயாரிப்புக் கோளாறு.

சார்ஜர் சமாச்சாரம் வேற. டூ-பின் சார்ஜர்ல எர்த் கிடையாது. உள்ள வடிகட்டி சுமாரா இருந்தா மின்னிரைச்சல் கேபிள் வழியா ஏறி டச் சிப்பைக் குழப்பும், விரல் பட்டுட்டதா அது நினைச்சுக்கும். டேப்லெட் மேல தப்பில்ல. சர்வீஸ் சென்டர்ல இதைச் சொல்லவே வேண்டாம். சொன்னா அவங்க நல்ல சார்ஜர்ல போட்டுப் பார்த்து "குறை எதுவும் இல்லை"ன்னு எழுதிடுவாங்க, உண்மையான கோளாறும் அதுக்குள்ள அமுங்கிப்போயிடும். பட்டை ஒண்ணை மட்டும் சொல்லுங்க.

சர்வீஸ் மேசை

கவுண்டருக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கும்னு சொல்றேன். நீங்க கேட்கவேண்டியது ரிப்பேர் இல்ல, டி.ஓ.ஏ (டெட் ஆன் அரைவல்) லெட்டர். பொருள் வாங்கும்போதே கோளாறோட வந்ததுன்னு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கொடுக்குற சான்று அது. அது இருந்தாத்தான் கடைக்காரர் டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இருந்து மாத்து பீஸ் எடுக்க முடியும். கடை உங்களை இங்க அனுப்புறதுக்குக் காரணம் அதுதான், எல்லா நேரமும் அலைக்கழிப்புன்னு சொல்ல முடியாது.

கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்களுக்கு 7 நாள்னு சொல்லியிருந்தா நாளைக்குக் காலையில சர்வீஸ் சென்டர் திறக்கும்போதே நில்லுங்க. லெட்டர் கைக்கு வர 2 நாள் ஆனாலும் பரவாயில்ல, ஜாப் ஷீட்ல (புகாரைப் பதிஞ்சு சர்வீஸ் சென்டர் கொடுக்குற சீட்டு) விழுற தேதிதான் உங்களைக் காப்பாத்தும்.

ஜாப் ஷீட்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி "புகார்" கட்டத்தைப் படிங்க. "டச் பிராப்ளம்"னு மொட்டையா எழுதியிருந்தா ஏத்துக்காதீங்க. "செங்குத்தான 1.2 செ.மீ. பட்டையில் டச் இல்லை, வாங்கிய 7 நாளுக்குள், டி.ஓ.ஏ கோரிக்கை"ன்னு எழுதச் சொல்லுங்க. கீழ "பொருளின் நிலை"ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல கீறல் இல்லை, அடிபடல, தண்ணி படலன்னு வரணும். பழக்கதோஷத்துல "பயன்படுத்திய தடம் உள்ளது"ன்னு டிக் பண்ணிடுவாங்க. அந்த ஒரு டிக்கை வச்சே டி.ஓ.ஏ நிராகரிக்கப்படும்.

"பேனல் ஸ்டாக் இருக்கு, ஒரு மணி நேரத்துல மாத்தித் தர்றோம்"னு ஆசை காட்டலாம். ஒத்துக்காதீங்க. பின்பக்கத்தை ஒருதடவை திறந்துட்டா அது ரிப்பேர் ஆன பீஸ், டி.ஓ.ஏ கதவு மூடிடும். பிரிச்சு ஒட்டின ஸ்கிரீன் கம்பெனில ஒட்டின மாதிரி உட்காராது.

கொண்டுபோக வேண்டியது: பில், பார்கோடு ஸ்டிக்கர் கிழியாத பெட்டி, கேபிள், மெமரி கார்டு தட்டைத் திறக்குற ஊசி, உள்ள இருந்த காகிதம்கூட. வைஃபை மாடலுக்கு ஐ.எம்.இ.ஐ (சிம் போடுற கருவிக்கான அடையாள எண்) கிடையாது, சீரியல் நம்பர்தான். பெட்டி, பில், செட்டிங்ஸ் மூணுலயும் அது ஒண்ணா இருக்கான்னு இன்னைக்கு ராத்திரியே பாருங்க. பில்லுல தப்பா ஏறியிருந்தா முதல்ல கடைக்குப் போய்த் திருத்திட்டு வாங்க. இல்லன்னா எங்க சிஸ்டம் ஏத்துக்காது.

டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தா கழட்டிட்டு வாங்க, எப்படியும் நாங்க கழட்டித்தான் பார்ப்போம். ஏ.டி.எம். கார்டு மாதிரி பிளாஸ்டிக்கை மூலைல சொருகி மெதுவாத் தூக்குங்க. பிளேடு, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

வைகைக்கரை

டேட்டா? அதுல கூகுள் கணக்கு, வாட்ஸாப், பேங்க் ஆப் எல்லாம் இருக்கு.

சர்வீஸ் மேசை

வேணும்கிறதை இன்னைக்கே பேக்கப் எடுங்க, ஆனா அழிக்காதீங்க. சாஃப்ட்வேர் இல்லைன்னு நிரூபிக்க டெக்னீஷியனே உங்க கண்ணு முன்னாடி ரீசெட் போடுவார், அதுக்கப்புறமும் பட்டை அப்படியே இருக்கிறது உங்களுக்குத்தான் சாட்சி. பாயிண்டர் லொகேஷனோட 30 விநாடி வீடியோவை வேற போன்ல எடுத்து வச்சுக்கோங்க. பில்லும் சீரியல் நம்பரும் அதே வீடியோவுல தெரியணும்.

கவுண்டர்ல அந்த ரீசெட் போடுறதுக்கு முன்னாடி வரிசை முக்கியம். பேங்க் ஆப்ல இருந்து வெளிய வாங்க. வாட்ஸாப்பை உங்க போன்ல லிங்க்டு டிவைசஸ்ல இருந்து எடுத்துடுங்க. மெமரி கார்டை அன்மவுண்ட் பண்ணிக் கழட்டுங்க. அதை இன்டர்னல் ஸ்டோரேஜா ஃபார்மட் பண்ணியிருந்தா கார்டு அந்த டேப்லெட்டோட பூட்டிக் கிடக்கும், வேற எதுலயும் திறக்காது. அதனால உள்ளதை முதல்லயே நகல் எடுங்க. கடைசியா கூகுள் கணக்கை நீக்கிட்டு, செட்டிங்ஸ் வழியாவே ரீசெட். கணக்கை நீக்காம பட்டனை அமுக்கி ரெக்கவரி மோடுல அழிச்சா, திரும்ப ஆன் பண்ணும்போது பழைய கணக்கோட பாஸ்வேர்டு கேட்கும். ஆண்ட்ராய்டு 5.1-ல, 2015-லயே வந்த திருட்டுத் தடுப்புப் பூட்டு அது. அப்படிப் பூட்டின பீஸை எந்தக் கடையும் வாங்காது. படிக்குறவங்கள்ல ஐபேட் வச்சிருக்கிறவங்களுக்கும் இதே கதைதான், ஆப்பிளோட 'ஃபைண்ட் மை' பூட்டை அணைக்காம கொடுத்தா திரும்பி வரும்.

படியளப்பான்

எதுக்கு இவ்வளவு அலைச்சல்? நுகர்வோர் சட்டத்துல 30 நாளைக்குள்ள பணத்தைத் திருப்பித் தரணும்னு இருக்கு. கடைல போய் சட்டத்தைக் காட்டுங்க, தந்துடுவாங்க.

மனு எழுதுறவர்

பாதி சரி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ல் உள்ளது இதுதான்: குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர, பில்லில் சொன்ன கெடுவுக்குள் மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை; பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். "குறையுள்ள" என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். கலர் பிடிக்கவில்லை, வேறு கடையில் 2,000 ரூபாய் குறைவு என்பதற்கெல்லாம் இந்தப் பிரிவு வராது. அது கடையின் சொந்தக் கொள்கை. குறை இருப்பதைக் காட்ட வேண்டியவரும் வாங்கியவர்தான். ஆகவே டி.ஓ.ஏ லெட்டர் அலைச்சல் இல்லை, உங்கள் கையில் இருக்கும் முதல் ஆவணமே அதுதான்.

பில்லின் பின்னால் அச்சடித்திருப்பது குறையுள்ள பொருளுக்குக் கேடயம் ஆகாது. "ஜி.எஸ்.டி. கட்டியாச்சு, பில்லைத் திருப்ப முடியாது" என்று ஒரு பதிலும் வரும். பொருள் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போட்டு வரியைச் சரிக்கட்ட ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே 34-வது பிரிவு இருக்கிறது.

மறுத்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள்: பில் எண், சீரியல் நம்பர், ஜாப் ஷீட் எண், என்ன வேண்டும் என்பது, 15 நாள் கெடு. நகலை ஸ்பீடு போஸ்டில், ஒப்படைத்ததற்கான சான்றோடு போடுங்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, கம்பெனியிடம் புகாரைத் தள்ளிவிடும் இடம். அங்கும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடம் வரை நேரம் உண்டு. இப்போது இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஆனால் ஒரு டச் பட்டைக்காக அந்தப் படி ஏறுவது கடைசியில்தான்.

தவணைக்காரன்

இ.எம்.ஐ பத்தி யாரும் சொல்லல. மாத்து பீஸ் கிடைச்சா லோன் அப்படியே ஓடட்டும், ஆனா புது சீரியல் நம்பர் பில்லுல ஏறணும். பணம் திரும்ப வர்றதுன்னா லோனை ரத்து பண்ற கோரிக்கையைக் கடைதான் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அனுப்பணும். அனுப்பின மெயில்ல உங்களையும் சேர்க்கச் சொல்லுங்க. "கேன்சல் ஆயிடுச்சு"ங்கிற வாய்வார்த்தையை நம்பி பேங்க்ல ஆட்டோ டெபிட்டை நீங்களா நிறுத்திடாதீங்க. தவணை தவறினா பவுன்ஸ் சார்ஜ், கிரெடிட் ஸ்கோர்ல கறுப்புப் புள்ளி. லோன் முடிஞ்சதுக்கான சான்று வந்ததும் நிறுத்துங்க.

பிராசசிங் ஃபீ வழக்கமா திரும்ப வராது. கூடவே தலைல கட்டின எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தா அது தனி பில், அதுக்குத் தனியா ரத்து கேட்கணும். பழைய போன் திரும்ப வராதுன்னு வச்சுக்கோங்க, ஆனா அதுக்குப் போட்ட விலை ரீஃபண்ட் கணக்குல சேர்ந்திருக்கான்னு கூட்டிப் பாருங்க. அதைத்தான் கடைல "மறந்துடுவாங்க".

வைகைக்கரை

ஜாப் ஷீட் 7-வது நாளே விழுந்துடுச்சு. கண்ணு முன்னாடி ரீசெட் போட்டாங்க, பட்டை அசையல. இன்னைக்கு டி.ஓ.ஏ லெட்டர் கைக்கு வந்துடுச்சு. இப்ப கடைல அந்த மாடல் ஸ்டாக் இல்லையாம். 3,000 ரூபாய் மேல போட்டு பெரிய மாடல் எடுங்க, இல்லன்னா கடை வவுச்சர் வாங்கிக்கோங்கங்கிறாங்க.

மனு எழுதுறவர்

இரண்டையும் ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. டி.ஓ.ஏ லெட்டர் இருக்கிறது, அதே மாடல் இல்லை என்று கடையே சொல்கிறது, ஆக பணம் கேட்க இதைவிடத் தெளிவான நிலை வராது. "ஸ்டாக் இல்லை" என்பதை வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். டேப்லெட்டை ஒப்படைக்கும்போது சீரியல் நம்பர் போட்ட ரசீது இல்லாமல் கையை விட்டு விடாதீர்கள்.

சர்வீஸ் மேசை

வேற கிளைல இருந்து அதே மாடலை வரவழைக்க முடியுமான்னும் கேளுங்க, பெரும்பாலும் 2, 3 நாள்ல வந்துடும். வந்தா பெட்டியைக் கவுண்டர்லயே பிரிங்க. பாயிண்டர் லொகேஷன் போட்டு நெடுக்கா எட்டு கோடு, குறுக்கா எட்டு கோடு. அப்புறம் முழு வெள்ளை, முழு கறுப்புப் படம் ஒண்ணொண்ணு திறந்து புள்ளி, ஓரத்துல வெளிச்சக் கசிவு பாருங்க. ஸ்பீக்கர், கேமரா, சார்ஜ் ஏறுதான்னு பார்க்க மொத்தம் 5 நிமிஷம். டெம்பர்டு கிளாஸ் ஒட்ட ஓடி வருவாங்க, இதெல்லாம் முடியுற வரைக்கும் ஒட்ட விடாதீங்க.