பெக்காமின் 2.5 கோடி டாலர்: மூளையா, அதிர்ஷ்டமா?

கார்னர்கொடி: 2007-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸிக்குப் போகும்போதே டேவிட் பெக்காம் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தார். ஓய்வுக்குப் பிறகு, நியூயார்க் தவிர எந்த ஊரிலும் 2.5 கோடி டாலருக்கு எம்.எல்.எஸ். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி தொடங்கலாம் என்று. 2023-ல் சான் டியாகோ அதே உரிமைக்குக் கொடுத்தது 50 கோடி. இதைப் போய் 'அதிர்ஷ்டக்காரன்'னு ஒதுக்கினா எப்படி?

பழைய லெஃப்ட்பேக்: விலையை அன்றைய தேதியில் பாருங்க. 2007-ல் டொரண்டோ நுழைந்தது 1 கோடிக்கு. அந்தக் கணக்கில் 2.5 கோடி சலுகையே இல்லை, இரண்டரை மடங்கு. இன்னொன்று, அங்கே வீரரின் ஒப்பந்தம் அணியோடு இல்லை, லீக்கோடு. அணி முதலாளிகளும் லீக்கில் பங்குதாரர்கள்தான். அதனால்தான் லீக்கே இப்படி எழுதிக் கொடுக்க முடிந்தது. அவர் விட்டு வந்த மாட்ரிட்டில் எந்தக் கிளப்பாலும் முடியாது. பெக்காம் கெட்டிக்காரர் என்பதைவிட லீக் அன்று பசியில் இருந்தது என்பேன்.

கார்னர்கொடி: பசியில் இருப்பவனிடம் சரியானதைக் கேட்டு வாங்குவதும் கெட்டிக்காரத்தனம்தானே! ஒப்பந்தத்தின் மதிப்பு என்று பத்திரிகைகள் ஊதிய 25 கோடி டாலரில் பெரும்பகுதி விளம்பர வருமானக் கணிப்பு. கையில் வந்த சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 65 லட்சம்தான்.

வரவுசெலவு: ரெண்டு பேரும் நுழைவுக் கட்டணத்தையே பார்க்கிறீங்க. அடி விழுந்தது நிலத்தில். மயாமி என்று அறிவித்தது 2014 பிப்ரவரி, லீக் அணியைக் கொடுத்தது 2018 ஜனவரி, முதல் ஆட்டம் 2020. துறைமுகத்தில் இடம் கேட்டார்கள், கப்பல் நிறுவனம் எதிர்த்தது. பிறகு கூடைப்பந்து அரங்கின் பக்கத்து நீர்முனை, பேஸ்பால் மைதானத்தின் பக்கம், ஓவர்டவுன் பகுதி என்று வரிசையாகச் சிக்கல். பேஸ்பால் மைதானத்துக்கு மக்கள் பணத்தைக் கொட்டிய கோபம் ஊரில் ஆறவே இல்லை. இடத்தை முதலில் அறிவித்துவிட்டு உள்ளூர் முதலாளியைப் பின்னால் தேடியதுதான் தப்பு. ஹோர்ஹே மாஸ், ஹோசே மாஸ் சகோதரர்கள் வந்த பிறகே வண்டி நகர்ந்தது. அப்பவும் மெல்ரீஸ் கோல்ஃப் திடலில் மைதானம் கட்டும் திட்டத்துக்கு 2018 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு, மண்ணில் பழைய குப்பை எரிப்பு ஆலையின் சாம்பல், ஆர்செனிக்! அதற்குள் பக்கத்து ஊரான ஃபோர்ட் லாடர்டேலில் லாக்ஹார்ட் மைதானத்தை இடித்துக் கட்டி ஆட வேண்டியதாயிற்று.

பழைய லெஃப்ட்பேக்: மயாமி அணி எடுத்த பிரெஞ்சு வீரர் மாட்டுய்டி விவகாரத்தை விட்டுட்டீங்களே. சம்பள உச்சவரம்பைத் தாண்டி நட்சத்திரங்களை எடுக்கும் விதியே 2007-ல் பெக்காமுக்காக வந்தது. ஓர் அணிக்கு அப்படி மூன்று பேர்தான். மாட்டுய்டியை அந்தக் கணக்கில் காட்டாததற்கு 2021-ல் பெக்காமின் அணிக்கே 20 லட்சம் டாலர் அபராதம்.

கார்னர்கொடி: அது நிர்வாகத்தின் சறுக்கல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023-ல் மெஸ்ஸி வந்தாரே?

வரவுசெலவு: வந்தார், அவர் ஒப்பந்தத்திலும் அணியில் பங்கு வாங்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் அணியில் ஒரு துண்டு. விலையை முன்கூட்டியே பூட்டி, ஊரையும் நீயே பார்த்துக்கொள் என்று இனி எந்த வீரருக்கு எழுதித் தருவார்கள்?