எந்த ரூமைச் சொல்கிறார்கள்? இலங்கைத் தோட்டத்து ஸ்டோரிலும் (தேயிலைத் தொழிற்சாலை) லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்)

தலவாக்கலையிலிருந்து:
“ரூம் கதவைச் சாத்து” என்று டீமேக்கர் (தேயிலை தயாரிப்பைப் பார்க்கிறவர்) சத்தம் போட்டால் புதிதாக வந்த பையன் முழிப்பான். ஸ்டோருக்குள் ரூம் ஒன்றா இரண்டா? ஒன்றுக்கு வேண்டிய காற்று அடுத்ததற்கு ஆகாது, அதனால்தான் அந்தச் சத்தம்.

கொழுந்து வாட்டும் மாடிக்கு ஓடுகிற காற்று வேண்டும். அது 12 முதல் 18 மணி நேர வேலை. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை 55 சதவீதம் அளவுக்கு இறக்க வேண்டும். மழைக் கொழுந்து என்றால் முதலில் மேல் ஈரம் போக வெறும் காற்று. சூட்டுக் காற்றை எடுத்தவுடன் விட்டால் ஓரம் கருகும், காம்பு பச்சையாகவே நிற்கும். கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று மெல்ல விரிந்தால் சரி. காம்பு மடங்க வேண்டும், முறியக்கூடாது.

கொழுந்தை உருட்டி நொதிக்க விடுகிற ரோலிங் ரூம் இதற்கு நேர் எதிர். 20 முதல் 24 பாகை செல்சியஸ் சூடு, 95 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம். ட்ரையர் (உலர்த்தும் மெஷின்) பக்கத்துக் கதவு திறந்து கிடந்தால், பரப்பிய தூளின் (உருட்டி உடைந்த கொழுந்து) மேல்பக்கம் காய்ந்து கறுக்கும், அடியில் நிறம் ஏறாது. ஈரம் குறைகிறது என்று வாளியில் தண்ணீரை அள்ளித் தரையில் ஊற்றுவது வீண் வேலை. பனிபோலத் தெளிக்கிற மெஷின்தான் சரி. நொதிப்பு நேரத்தை ரோலரில் கொழுந்து போட்ட நிமிஷத்திலிருந்து எண்ண வேண்டும், தட்டில் பரப்பியதிலிருந்து அல்ல. பிழை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. மூலையில் ஒட்டிக்கிடக்கும் பழைய தூள் புளித்தால் அடுத்த கொழுந்துக்கும் அந்த நாற்றம் வரும். வேலை முடிந்ததும் கழுவாமல் விடாதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து:
ஊவா மாகாணப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற வறண்ட காற்று. வெளியே அவ்வளவு வறட்சி, கொழுந்து நினைத்ததைவிடச் சீக்கிரம் வாடிவிடும். ஃபேனைக் குறைக்காமல் இரவு முழுக்க ஓட விட்டால் காலையில் சருகுதான். தலவாக்கலையின் வாட்டும் நேரக் கணக்கை இங்கே அப்படியே வைக்க முடியாது.

ட்ரையரில் வெளியேறும் காற்று 50 முதல் 55 பாகையில் நிற்கட்டும். அதற்குக் கீழே போனால் தூள் வேகும், காயாது. உள்ளே விடுகிற காற்றின் சூடு அளவு மீறினால் வெளித்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கும், பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே வரும்போது ஈரம் 3 சதவீதம் என்றால் நல்லது.

சலிக்கிற ரூம்தான் எல்லாரும் அலட்சியம் செய்வது. ட்ரையரில் இறக்கியதை, நன்றாகக் காய்ந்துவிட்டது என்று காற்றில் கிடக்க விடக்கூடாது. தேயிலை ஈரத்தை உறிஞ்சும். மழை நாளில் ஜன்னல் சாத்தியே இருக்கட்டும். ஒரே தூளைத் திரும்பத் திரும்பச் சலித்தால் கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் தட்டும், ஏலத்தில் விலை விழும்.

ஹட்டனிலிருந்து:
ஸ்டோரை விட்டு வெளியே வந்தால் ரூம் என்கிறவர் குறைவு, காம்பராதான். பிள்ளைக் காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேறு, லயத்துக் காம்பரா வேறு.

லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி, முன்னால் இஸ்தோப்பு (திண்ணை). முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்ஜன்னல் கிடையாது, அடுப்புப் புகை முன்பக்கத்தால்தான் போக வேண்டும். அதனால் இஸ்தோப்பை அடைத்து அறையாக்குகிறவர்கள் கூரைக்கு மேலே ஏறுகிற புகைக்குழாய் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.

இடைச்சுவர் கூரைவரை போகாத லயங்களில் ஒரு காம்பராவில் பற்றிய நெருப்பு கூரையடியாகவே மற்றதற்குத் தாவும். ஒரே பிளக்கில் ஹீட்டரும் கேத்தலும் மாட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சுவரை மேலே ஏற்ற முடிந்தால் செங்கல்லால் ஏற்றுங்கள், பலகை வேண்டாம்.

தகரம் மாற்றும்போது பக்கவாட்டில் ஒன்றரை வளைவு, மேல்கீழாக 6 அங்குலமாவது ஏறியிருக்கட்டும். ஆணியை மேட்டில் அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை, முதல் மழைக்கே ஒழுகும்.