கடலில் விட்ட ரிமோட் போர்க்கப்பல்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

தங்கச்சிமடம்:
போன மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. என் மாடல் நம் கடற்படையின் குக்ரி வகை கார்வெட், அதாவது சிறிய போர்க்கப்பல். 1:72 அளவு (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு), நீளம் 1.26 மீட்டர். ஊரணியில் ஓட்டிப் பார்த்தாயிற்று, கடலில் ஒரு தரமாவது விட வேண்டும் என்று ஆசை. கச்சான் காற்று அடிக்கிற நேரம் தென்கடல் ஆகாது, வடகரைக்குத் தூக்கிப் போனேன். ஒரு பெரியவர் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். கப்பல் வளைந்து, முகப்பைக் காட்டிக்கொண்டு கரையைப் பார்க்க வந்தது. அவர் கையில் ஊசி நின்றுவிட்டது.

"ஏன் தம்பி இந்தக் கலரை அடிச்ச?"

"நேவி கப்பல் கலருய்யா."

"தெரியும். ராத்திரி லைட்டைப் போட்டு நம்ம மேல வர்றப்ப மொதல்ல தெரியுறது இந்த மூக்குதான். மூணு மாசம் அந்தப் பக்கம் உள்ள கெடந்தேன்."

அவ்வளவுதான். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்தச் சாம்பல் நிறம் சரியாக வர மூன்று டப்பா பெயின்ட் கலந்து பார்த்தவன் நான்.

கீழக்கரை:
என்னுடையது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட அதே ஜெர்மன் கப்பல்தான். 1:100-இல் 118 செ.மீ. நீளம், அகலமோ பதின்மூன்றரை. மேல்கட்டையும் மூன்று புகைபோக்கிகளையும் பிளைவுட்டில் செய்தேன், மேல்பாரம் கூடிவிட்டது, தப்பு அங்கேதான். ஊரணியில் நிமிர்ந்து நின்றது. கடலில் முழு வேகத்தில் சுக்கானைத் திருப்பியதும் ஒருபக்கம் சாய்ந்தது, எழவே இல்லை. புகைபோக்கி வழியாகத் தண்ணீர் குடித்து உள்ளே போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நான் கேட்காமலே பாய்ந்து முக்குளித்துத் தூக்கி வந்தான். கரையில் நின்ற அவன் தாத்தா, "சரியான எம்டன்டா நீ!" என்று அவன் முதுகில் தட்டினார். கப்பலின் பெயரை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

உச்சிப்புளி:
கீழக்கரை அண்ணன் பிளைவுட் மேல் பழி போடுகிறார். ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்டன் எடை சுமார் 3,660 டன். 1:100 என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றுமே நூறில் ஒன்று, அதனால் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும், 3.66 கிலோ வரும். உங்கள் மாடலை எடை போட்டீர்களா? அப்புறம், ஊரணிக் கணக்கு கடலுக்கு ஆகாது. உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் கனம் கூடுதல், அதே கோட்டில் மிதக்க இன்னும் 90 கிராம் வேண்டும். வலை ஈயமே போதும், ஆனால் அடிக்கட்டையை ஒட்டி வையுங்கள். வேகம் அதைவிட முக்கியம். நிஜக் கப்பல் மணிக்கு 43 கி.மீ. ஓடியது. வேகத்துக்கு அளவின் வர்க்கமூலத்தால்தான் வகுக்க வேண்டும், 1:100-க்கு பத்து. ஆக, மணிக்கு 4.3 கி.மீ., ஆள் நடக்கிற வேகம். அதற்கு மேல் ஓட்டிச் சுக்கானைத் திருப்பினால் எந்தக் கட்டையாக இருந்தாலும் சாயும். புரொப்பல்லர் தண்டு போகிற குழாயான ஸ்டெர்ன் ட்யூபில் கிரீஸ் நிறைய வையுங்கள், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ரிசீவரை பலூனுக்குள் போட்டுக் கட்டுங்கள். ஆன்டெனாவைக் கொடிமரத்தோடு மேலே ஏற்றுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் கடல் தண்ணீருக்குள் போகவே போகாது. எனக்கு ஆன்டெனா அடியில் கிடந்து, கட்டுப்பாடு போய், கப்பல் பாட்டுக்குக் கிழக்கே போனது. சீருடையில் வந்த இருவர், "யாருக்கு அனுப்புற?" என்று கேட்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

தங்கச்சிமடம் தம்பி, பேசாமல் வெள்ளை அடித்துவிடுங்கள், கோஸ்ட் கார்ட் மாதிரி.

மண்டபம்:
வெள்ளை அடிக்கச் சொல்வது நியாயமா? அது நம் கடற்படையின் நிறம். பெரியவரின் வலி வேறு, அதற்குக் கப்பல் என்ன செய்யும்?

என் கதை பாசி மிதவையில். மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டிப் பாசி வளர்க்கிறார்களே, அதற்குள் கப்பல் போய்ச் சொருகிக்கொண்டது. 40 மி.மீ. பித்தளை புரொப்பல்லர், மூன்று இதழ், நல்ல கூர். நான் பதறி ரிவர்ஸ் கொடுக்க, கயிறு சுற்றி இறுகி, பாசித் துண்டுகள் பிய்ந்து மிதந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற அக்கா ஒருவர் வந்து, சின்னக் கத்தியால் நூல் நூலாக அறுத்துக் கப்பலை விடுவித்தார். ஒரு கீறல் விழவில்லை. பணம் நீட்டினேன். "வேணாம்ப்பா, இந்தா இதைப் புடி" என்று அறுந்த கயிற்றின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். அரைமணி நேரம் இருவரும் துண்டு துண்டாகப் பாசியைத் திரும்பக் கட்டினோம். நான் கட்டிய முடிச்சுகளை அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடி கட்டினார். அந்தக் கைகளின் வேகத்தை மறக்கவே மாட்டேன்.

தங்கச்சிமடம்:
உச்சிப்புளி அண்ணே, மண்டபம் அண்ணே, நிறத்தைப் பற்றி நான் யோசனை கேட்கவில்லை. நிறம் அப்படியேதான் இருக்கிறது. ஜூன் 14 முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு மூன்று தடவை அதே இடத்துக்குப் போனேன், கப்பல் இல்லாமல். பின்னி முடித்த வலை குவித்துக் கிடந்தது. அவரைப் பார்க்க முடியவில்லை.