சிக்னல் நன்றாக இருந்தும் ஒரே செக்டாரில் வோல்டிஇ (4ஜி வழியாகப் போகும் பேச்சு) கால் டிராப், எந்த கவுண்டரை (நெட்வொர்க் பதிவு செய்யும் அளவை) பார்ப்பது?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. மூன்று செக்டார் (ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு) சைட், 900 பேண்டில் எல்டிஇ (4ஜி), அதே ஆன்டெனாவில் 2ஜியும் ஓடுகிறது. பீட்டா செக்டாரில் மட்டும் கொஞ்ச நாளாக வோல்டிஇ டிராப் ஏறிவிட்டது, மற்ற இரண்டும் சுத்தம். டிரைவ் டெஸ்டில் (வண்டியில் சுற்றி போனில் அளப்பது) ஆர்எஸ்ஆர்பி, அதாவது சிக்னல் பலம், மைனஸ் 85 பக்கம், எஸ்ஐஎன்ஆரும் (சிக்னலின் தரம்) குறை சொல்ல முடியாது, அலாரம் இல்லை, விஎஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா கேபிளில் பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) 1.2. ஆன்டெனாவின் டில்ட் (சாய்வு) மாற்றச் சொல்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. புகார் தருபவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அவங்க பேசுறது எனக்குக் கேட்குது, நான் பேசுறது அவங்களுக்குக் கேட்கல."

பதில்:
டில்டைத் தொடாதீர்கள். அந்தப் புகாரிலேயே பாதி விடை இருக்கிறது, அடிவாங்குவது அப்லிங்க், அதாவது போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை. டிரைவ் டெஸ்டில் பார்த்த ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் எல்லாம் போனுக்கு என்ன வந்து சேருகிறது என்பதைத்தான் காட்டும், டவருக்கு வந்து சேருவதைக் காட்டாது. பிஆர்பி (எல்டிஇ அலைவரிசையைப் பிரிக்கும் சிறு துண்டு) வாரியான அப்லிங்க் இன்டர்ஃபியரன்ஸ் (குறுக்கீட்டு இரைச்சல்) கவுண்டரை எடுங்கள், தினசரி சராசரி வேண்டாம், மணி வாரியாக. ஒரு பிஆர்பி 180 கிலோஹெர்ட்ஸ், அதன் வெப்ப இரைச்சலே மைனஸ் 121 டிபிஎம்; ரிசீவரின் சொந்த இரைச்சலும் சேர்ந்து டிராஃபிக் இல்லாத நேரத்தில் மைனஸ் 118, 119 என்று நிற்க வேண்டும். மைனஸ் 105ஐத் தாண்டினால் செல் ஓரத்தில் இருக்கும் போன் முழு பவரில் அனுப்பினாலும் எடுபடாது.

கேட்டவர்:
எடுத்துவிட்டேன். விடியற்காலை 3 மணிக்கு மைனஸ் 118, இரவு 8 மணிக்கு மைனஸ் 101! பக்கத்து செக்டார்கள் அந்த நேரத்திலும் மைனஸ் 115ஐத் தாண்டவில்லை. யாராவது வீட்டில் ரிப்பீட்டர் (சிக்னல் பூஸ்டர்) மாட்டியிருப்பார்களா?

இன்னொருவர் பதில்:
ரிப்பீட்டர் பெரும்பாலும் ராத்திரி பகல் பார்க்காமல் ஒரே மாதிரி இரையும். உங்களுடையது டவுன்லிங்க் (டவரிலிருந்து போனுக்கு) டிராஃபிக்கோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, எனக்கு இது பிம் (மோசமான இணைப்பில் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து வேறு அலைவரிசையில் இரைச்சல் உண்டாவது) என்றுதான் படுகிறது. 900ல் டவுன்லிங்க் 925 முதல் 960, அப்லிங்க் 880 முதல் 915 மெகாஹெர்ட்ஸ். ஒரு மோசமான கனெக்டரில் 930ம் 955ம் கலந்தால், 930ஐ இரட்டித்து 955ஐக் கழியுங்கள், 905, நேராக அப்லிங்க் நடுவில் விழுகிறது. விஎஸ்டபிள்யூஆர் சரியாக இருப்பதை நம்பாதீர்கள் சார், அது திரும்பி வரும் பவரை மட்டும் அளக்கிறது, 1.2 காட்டும் ஜம்பரிலும் (ஆன்டெனாவை இணைக்கும் குட்டை கேபிள்) பிம் இருக்கும். அனுமதி வாங்கி ராத்திரி 2 மணிக்கு மேல் ஓசிஎன்எஸ் (சோதனைக்கான போலி டிராஃபிக்) போட்டு டவுன்லிங்கை முழு லோடுக்கு ஏற்றுங்கள், போன்களே இல்லாத நேரத்தில் அப்லிங்க் இரைச்சல் கூடவே ஏறினால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் ரிசீவ் போர்ட்டுகளைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் மட்டும் ஏறினால் முதலில் அந்த ஜம்பர், இரண்டிலும் ஏறினால் ஆன்டெனாவுக்கு எதிரே துருப்பிடித்த தகரம், கம்பி ஏதாவது இருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
லோடு போட்டதுமே ஏறியது, ஒரே போர்ட்டில். ஆன்டெனா பக்கத்து கனெக்டரைக் கழற்றினால் டேப் பிரிந்து தண்ணீர் இறங்கி, உள்ளே பச்சை பூத்திருந்தது. ஜம்பரை மாற்றி டார்க் ரெஞ்சில் (சரியான அளவு விசையில் முடுக்கும் ஸ்பேனர்) முடுக்கினோம், இப்போது இரவு 8 மணிக்கும் மைனஸ் 116. மிக்க நன்றி, இரண்டு பேருக்கும்.

முதலில் பதில் சொன்னவர்:
அருமை. டிக்கெட்டை உடனே மூடாதீர்கள், ஒரு வாரம் டிராப் கவுண்டரையும் பாருங்கள். அதே ஆட்கள் டேப் சுற்றிய மற்ற இரண்டு செக்டாரையும் மழைக்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.