நிக்கோல் டேவிட்: மகளுக்கு எந்த ஆட்டத்தைக் காட்டலாம்?

கேள்வி:
என் மகளுக்குப் பதினொரு வயது. ஸ்குவாஷ் பழகத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. இரண்டு கேம் தோற்றாலே ராக்கெட்டைக் கீழே வைத்துவிடுகிறாள். மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் ஆடிய ஆட்டம் ஒன்றை அவளோடு உட்கார்ந்து பார்க்க ஆசை. எதைப் பார்க்கலாம்?

பதில் 1:
2014 உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், கெய்ரோ. வேறு யோசனையே வேண்டாம். எதிரில் எகிப்தின் ரனீம் எல் வெலிலி, சுற்றிலும் அவருடைய ஊர்க் கூட்டம். நிக்கோல் கேம் கணக்கில் 1-2 எனப் பின்தங்கியிருக்கிறார், நான்காவது கேமில் 6-10. இன்னும் ஒரே ஒரு புள்ளி போனால் பட்டம் கைவிட்டுப் போய்விடும். அங்கிருந்து 14-12 என்று மீட்டார்! அப்புறம் ஐந்தாவது 11-5. அது அவருடைய எட்டாவது உலகப் பட்டம். மகளிடம் பந்தைப் பார்க்க வேண்டாம், அவர் கால்களைப் பார் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு நடுக்களத்துக்குத் திரும்பிவிடுவார். எனக்கு அதுதான் அவருடைய பெரிய பலம்.

பதில் 2:
நான் பினாங்குக்காரன், அவர் எங்கள் ஊர். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலக முதலிடம். 2019இல் ஓய்வு. ஸ்குவாஷ் ஒலிம்பிக்கில் நுழைவதோ 2028இல்தான். இதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கேள்வி கேட்டவர்:
நேற்று இரவு பார்த்தோம். 6-10 வந்தபோது நான் ரிமோட்டை எடுத்தேன். "அப்பா, நிறுத்தாதீங்க" என்றாள்.